கோட்டுச்சாமி

அத்தியாயம் பதினான்கு

"அம்மா, நான் அப்பாவைப் பாத்தேன்" என்று ஜனகா போனில் சொன்னதும், கனகேஸ்வரியின் கையிலிருந்த மிளகாய்ச் சம்பல் கிண்ணம் நழுவித் தரையில் விழுந்ததல்லவா? அந்தச் சத்தத்தில் கே.எல். சென்ட்ரலில் நின்றிருந்த ரயில் ஒன்று நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டதாக அடுத்த வீட்டார் சொல்கிறார்கள். அடுத்த வீட்டார் சொல்வதில் பாதியைக் கழித்துவிட வேண்டும். கழித்தாலும் சுவரில் சம்பல் கறை இருக்கத்தான் இருக்கிறது.

கந்தையா கண்ணை மூடி ஒன்பது வருஷம் ஆகிறது. ஆகவே ஜனகா பார்த்தது ஆளை அல்ல, படத்தை. அதுவும் ஆறு வருஷத்துக்கு முன்பு வீட்டுக்குள்ளிருந்தே மாயமாய் மறைந்த படத்தை.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரயில்வே பண்டகசாலையில் தலைமைக் கிளார்க் ஆன அன்று கந்தையா கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது. படம் பிடித்தவர், "கொஞ்சம் சிரிங்க சார்" என்று காலையிலிருந்து கெஞ்சி, மத்தியானம் தானே அழுதுவிட்டாராம். கந்தையா சிரித்ததை நேரில் பார்த்தவர்கள் இந்தத் தீபகற்பத்தில் மூன்றே பேர். இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். மூன்றாவது ஆள் கனகேஸ்வரி. அது சிரிப்பா, ஏப்பமா என்று அவளுக்கே இன்றுவரை சந்தேகம்.

அப்படிப்பட்ட படம் ஒரு தீபாவளித் துப்புரவின்போது காணாமல் போயிற்று. கனகேஸ்வரி வீடு துடைக்க ஆரம்பித்தால் பிரிக்பீல்ட்ஸ் தூசியெல்லாம் பங்சாருக்குக் குடிபெயர்ந்துவிடும். அந்த அமளியில், கண்ணாடி விரிசல் விட்டிருந்த படத்தை மருமகள் பிரேமினி சுவரிலிருந்து இறக்கினாள். மறுநாள் படம் இல்லை.

"கண்ணாடி மாத்தக் கடைக்குக் கொண்டு போகலாம்னு துணியில சுத்தி நாற்காலியில வச்சேன் மாமி. காணோம்" என்றாள் பிரேமினி.

"கடைக்கா, குப்பைக்கா?" என்று கனகேஸ்வரி தொடங்கினாள். அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "என்ட மனுசனைத் தூக்கிப் போட்டாச்சு. அடுத்தது நான்தானே? எப்பன்னு சொல்லிடு, பெட்டி கட்டி வைக்கிறேன்" என்பதுவரை போய், பிரேமினியின் அப்பா, அம்மா, அவர்கள் பெண்ணை வளர்த்த லட்சணம் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றி வந்த பிறகுதான் ஓய்ந்தாள்.

தீபாவளி கழிந்ததும் மகன் சிவேந்திரன் மனைவியை அழைத்துக்கொண்டு சுங்கை பூலோவில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டான். அதற்கப்புறம் அப்பாவின் திவசத்துக்கு வருவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். "நல்லா இருக்கீங்களா மாமி" என்று பிரேமினி கேட்கிற தோரணையில், அடுத்த ஆளைக் கவுண்டருக்குக் கூப்பிடப் போகிறாளோ என்று தோன்றும்.

கனகேஸ்வரி மன்னிக்கத் தயாராகத்தான் இருந்தாள். மாடி அறையை வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்து, கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டே இருந்தாள். தப்பு நடந்துவிட்டது என்று மருமகள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருவரையும் வீட்டுக்கு அழைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மன்னிப்பதென்பது ஒரே ஆளால் ஆகிற காரியமில்லை. பிரேமினி ஒத்துழைக்கவே இல்லை.

இன்று சனிக்கிழமை. காலையிலேயே ஜனகா மடிக்கணினியோடு வந்து நின்றாள்.

ஜனகா கணக்கு வேலையை விட்டுவிட்டு, மற்றவர்கள் தூக்கி எறிவதை வைத்துப் பிழைக்கிறவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவள். "மகள் சுற்றுச்சூழல் படம் எடுக்கிறாள்" என்று கனகேஸ்வரி கோயிலில் சொல்லி வைத்திருந்தாள். "குப்பைப் படமா?" என்று நாலு பேர் காதுபடத் திருப்பிக் கேட்டது கந்தையாவின் ஒன்றுவிட்ட தங்கை தங்கமணி. அந்தப் படத்தை இன்று மாலை பிரிக்பீல்ட்ஸ் மண்டபமொன்றில் முதல் தடவையாகக் காட்டப் போகிறார்கள். சொந்தபந்தம் அத்தனையும் வருகிறது, தங்கமணி உட்பட.

"எல்லாரும் பாக்கறதுக்கு முன்னால நீங்க பாத்துடணும்மா" என்று ஜனகா திரையைத் திருப்பி வைத்தாள்.

கிள்ளானில் ஒரு தகர வீடு. வாசலில் அட்டைப் பெட்டிகளை மடித்துக் கட்டிய அடுக்கு, கூரையைத் தொட இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. ஐம்பது வயதை ஒட்டிய பெண் ஒருத்தி கேமராவுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். பெயர் புஷ்பவல்லி.

"இந்த சோபா பங்சார்ல இருந்து வந்துச்சு. ஒரு கால் இல்ல, அதுக்கு செங்கல் வச்சிருக்கேன். இந்தக் காத்தாடி பெட்டாலிங் ஜெயா. பணக்காரவங்க காத்தாடிய கழுவ மாட்டாங்கலா, தூக்கிப் போட்டுருவாங்க. கழுவுனா சுத்துது. இந்த ரைஸ் குக்கர் நல்லாத்தான் இருக்கு, மூடிய மட்டும் காணோம். மூடி வேற வீட்டு மூடி. இங்க காசு குடுத்து வாங்குனது அரிசியும் உப்பும்தான். தங்கச்சி, கேமராவ அந்தப் பக்கம் திருப்பாத, துணி காயுது."

பிறகு அவள் ஒரு சுவரைக் காட்டினாள். சுவர் முழுக்கச் சாமி படங்கள். முருகன் மட்டும் ஒரு படை திரட்டுகிற அளவுக்கு இருந்தார்.

"சாமிய யாரும் குப்பையில போட மாட்டாங்க. படம் வெளுத்துப் போச்சின்னா மரத்தடியில வச்சிட்டுப் போயிருவாங்க. மழையில நனைஞ்சிக்கிட்டுக் கெடக்கும். பாவமா இருக்கும், கொண்டாந்துருவேன். இவருதான் யாருன்னு தெரியல."

முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில், மல்லிகைச் சரமும் சந்தனப் பொட்டுமாக, கோட்டும் டையும் அணிந்து, உலகத்தில் ஒருவரையும் நம்பாத பார்வையோடு கந்தையா.

"கோட்டுச்சாமின்னு கூப்பிடுவோம். கவர்மெண்டு காரியம்னா இவருதான். பாரம் குடுக்கப் போறப்ப ஒரு சூடம் காட்டிட்டுப் போனா, கவுண்டர்ல உள்ளவன் சிரிச்சிக்கிட்டே சாப் அடிக்கிறான். காப்பார்ல இருந்தெல்லாம் ஆள் வருது."

கனகேஸ்வரிக்கு வாய் திறந்தது, மூடவில்லை. சாப், அதாவது முத்திரை, ஒரு நூல் கோணியதற்காக விண்ணப்பப் பாரத்தைத் திருப்பி அனுப்பி, ஒரு குடும்பத்தையே மூன்று தடவை ஈப்போவிலிருந்து வரவழைத்த மனிதர் கந்தையா. அவர் வரம் கொடுக்கிறாராம்.

ஜனகா திரையை நிறுத்தினாள். "இன்னும் கொஞ்சம் இருக்கும்மா. இந்தப் படம் அவங்க கைக்கு எப்படி வந்துச்சுன்னு அவங்களே சொல்றாங்க."

"அதை எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை." கனகேஸ்வரி எழுந்துவிட்டாள். முகத்தில் ஆறு வருஷம் கழித்து ஒரு வெளிச்சம். "மரத்தடியில கிடந்திருக்கு. அப்ப யாரோ கொண்டு போய்ப் போட்டதுதானே? நான் சொன்னேனா இல்லையா? இண்டைக்குப் பிரேமினி வாயைத் திறந்துதான் ஆகணும். வண்டியை எடு பிள்ளை."

"எங்க?"

"கிள்ளானுக்கு. அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, ஹால்ல முன்வரிசையில என் பக்கத்தில வைக்கப் போறேன். அவள் பாக்கட்டும். பாத்து, தப்புத்தான்னு சொல்லட்டும். நான் ஒண்டும் சொல்ல மாட்டேன். வா பிள்ளை வீட்டுக்குன்னு கூட்டிக்கொண்டு வந்திடுவேன்."

ஜனகா மடிக்கணினியை மூடினாள். "சரி" என்றாள். "நீங்க அந்த அக்காகிட்டயே கேளுங்க."

பெடரல் நெடுஞ்சாலை நெடுக லோரிகள் யானைக் கூட்டம் மாதிரி ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போயின. கனகேஸ்வரி மடியில் ஒரு பட்டுத் துண்டை வைத்திருந்தாள், கணவரைச் சுற்றி எடுத்து வர. வழியெல்லாம் பேசினாள். மருமகளை மன்னிக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகையே நடந்தது.

"அண்ணி என் படத்துக்கு நெறைய வேலை செஞ்சிருக்காங்கம்மா" என்றாள் ஜனகா, சாலையைப் பார்த்தபடி.

"என்ன வேலை?"

"எழுத்து வேலை."

"செய்யட்டும். படிச்ச பிள்ளைதானே." வெற்றி பெறப் போகிறவளுக்கு எவ்வளவு பெருந்தன்மை வரும் என்பதை ஷா ஆலாம் திருப்பத்தில் பார்த்திருக்க வேண்டும்.

மேரு சாலையிலிருந்து பிரிந்த ஒரு சந்து. கார் நிற்பதற்குள் புஷ்பவல்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பின்னால், பிளாஸ்டிக் போத்தல் மூட்டைகள் ஒரு சிறு குன்றாகக் குவிந்திருந்தன.

"ஜனகா தங்கச்சி, சாயங்காலம்தானே படம்? இப்பவே வந்துட்டே. நான் இன்னும் குளிக்கலையே."

"அம்மாவைக் கூட்டிட்டு வந்தேங்க்கா. அந்தக் கோட்டுப் படம் இருக்கில்ல, அது எங்கப்பா."

புஷ்பவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு நாளாகத் தெரியாமல் தெய்வத்தின் மகளுக்கு மூடி மாறிய குக்கரில் சோறு பொங்கிப் போட்டிருக்கிறோமே என்ற பதற்றம் அது.

கனகேஸ்வரி அவளை முந்திக்கொண்டு உள்ளே நடந்தாள். நேராகச் சுவருக்கு. கணவரை நேருக்கு நேர் பார்த்ததும் கால் தானாக நின்றது.

"ஆன்டி" என்று பின்னாலிருந்து புஷ்பவல்லியின் குரல் வந்தது. ஒரு மாதிரியான குரல். "அப்படியே நில்லுங்க. திரும்பாதீங்க."

"ஏன்?"

"ஒங்களப் பாத்திருக்கேன். மொகம் பாத்ததில்ல, முதுகுதான். அந்தக் கொண்டையும், எடது தோள் கொஞ்சம் எறக்கமா இருக்கறதும். நீங்கதானே அந்தப் பச்சை சேலை ஆன்டி?"

கனகேஸ்வரிக்குப் புரியவில்லை.

"நான் அப்ப பிரிக்பீல்ட்ஸ் பக்கம்தான் அட்டை பொறுக்குவேன் ஆன்டி. தண்டவாளத்து ஓரம் அரசமரம் இருக்கில்ல, அதுக்குப் பின்னாடி ஒக்காந்து மடிச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க வந்தீங்க. கையில ரெண்டு மூட்ட. மரத்த மூணு சுத்து சுத்தி, மூட்டைய வச்சி, கும்பிட்டுட்டுப் போனீங்க. ஒரு மூட்டையில துணி வெலகிக்கிச்சு. பாத்தா கோட்டு. சாமி இல்லையே, ஆளாச்சேன்னு கூப்பிட்டேன். ஆன்டி, ஆன்டின்னு. ஆள் படம் வந்திருச்சு ஆன்டின்னு கத்துனேன் கூட. நீங்க நடைய கூட்டிட்டீங்க."

வீட்டில் கழுவி மாட்டிய காத்தாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பழைய சாமி படத்தை அப்படியே கொண்டு போய் வைக்கக் கூடாது. தெருவைப் பார்த்துச் சாமி முகம் சுளிக்காதபடி வேட்டித் துணியில் சுற்றி எடுத்துப் போக வேண்டும். மூன்று சுற்று. வைத்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் விட்டது கூடவே வரும். கனகேஸ்வரியின் வீட்டில் அதுதான் வழக்கம். அன்றைக்கு அவளே சுற்றிக் கட்டிய மூட்டை ஒன்று. நாற்காலியில், அதே மாதிரி வேட்டித் துணியில், இன்னொன்று இருந்தது. தானே கட்டியதுதான் என்று கையோடு எடுத்தாள்.

குரல் கேட்டது. நன்றாகவே கேட்டது. யாரோ ஒருத்தி தன்னைத் திரும்ப வைக்கப் பார்க்கிறாள் என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். எவள் கூப்பிட்டும் திரும்பவில்லை என்று வீடு வந்து சேரும்வரை தன்னைத் தானே மெச்சிக்கொண்டதுகூட இப்போது நினைவுக்கு வந்தது.

"தேடி வருவாங்கன்னு ரொம்ப நாளு அந்த மரத்துப் பக்கமே சுத்திக்கிட்டு இருந்தேன் ஆன்டி" என்றாள் புஷ்பவல்லி. "யாரும் வரல. அதுக்கப்புறம்தான் இங்க மாட்டுனேன்."

யார் தேடப் போவார்கள்? குற்றவாளி சமையலறையிலேயே நின்றுகொண்டிருக்கும்போது மரத்தடிக்குப் போய்த் தேடுவார்களா? நடந்தால் ஐந்து நிமிஷத் தூரம்கூட இல்லை அந்த மரம்.

கனகேஸ்வரி கையை நீட்டிப் படத்தின் கண்ணாடியைத் தொட்டாள். விரிசல் இல்லை.

"அது ஒடஞ்சி இருந்துச்சு" என்றாள் புஷ்பவல்லி. "ஒரு ஐயப்பன் படம் கெடச்சிச்சு, பேப்பர பூச்சி அரிச்சிருச்சு, கண்ணாடி நல்லா இருந்துச்சு. அத எடுத்து இவருக்குப் போட்டேன்."

கண்ணாடி மாத்தக் கொண்டு போகலாம்னு வச்சேன் மாமி.

புஷ்பவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதற்கு மூன்று கால் ஒரு நிறம், ஒரு கால் வேறு நிறம். கனகேஸ்வரி உட்கார்ந்தாள். கல்வி இலாகாவில் முப்பது வருஷம் தட்டெழுதி, ஒரு எழுத்துப் பிசகியதில்லை என்று பெயர் வாங்கியவள். இப்போது கையிலிருந்த பட்டுத் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் கோணலாகவே மடித்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க ஆன்டி. ஒங்க ஆளு." சொல்லிவிட்டுப் புஷ்பவல்லி தயங்கினாள். "பக்கத்து வீட்டுப் பொண்ணு திங்கக்கெழம ஐசி, அடையாளக் கார்டு, எடுக்கப் போவுது. ஒரு சூடம் மட்டும் காட்டிக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் கனகேஸ்வரி. புஷ்பவல்லியின் முகம் சுருங்கியதைப் பார்த்துத் திருத்தினாள். "இல்ல, நீங்க காட்டுங்க. படத்தை நான் எடுக்கேல்லை. என் கையால போட்டது. நான் எந்தக் கையால எடுக்கிறது?"

ஜனகா அம்மாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "எனக்கு முன்னாலேயே தெரியும்மா. சொல்லப் பயமா இருந்துச்சு. படத்துல அக்கா உங்க பேர் சொல்லல, அவங்களுக்குத் தெரியாது. பச்சை சேலை ஆன்டின்னுதான் வருது. வேணாம்னா அந்த இடத்த வெட்டிடறேன். நேரம் இருக்கு."

கனகேஸ்வரி பட்டுத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

புஷ்பவல்லி குளித்து, கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பட்டுச் சேலை கட்டிக்கொண்டு காரில் ஏறினாள். "டாமன்சாரா பக்கம் ஒரு பையில கெடந்துச்சு. சரிகையில ஒரு பொட்டுக் கிழிசல், அதுக்குப் போட்டுட்டாங்க" என்று மடிப்பை நீவிக்கொண்டாள். அவள்தான் வழியெல்லாம் பேசினாள். போகும்போது ஒத்திகை பார்த்தவளுக்கு இப்போது ஒரு வசனமும் இல்லை. ஷா ஆலாமில் வெட்டச் சொல்லலாம் என்று நினைத்தாள். சுபாங்கில் வேண்டாம் என்று நினைத்தாள். பெட்டாலிங் ஜெயாவில் மறுபடியும் வெட்டினாள். நெரிசலில் கார் நின்ற இடத்திலெல்லாம் அந்தக் காட்சி வெட்டப்பட்டு ஒட்டப்பட்டுக் கந்தலாகிவிட்டது. யாருக்கும் தெரியப் போவதில்லை. பச்சை சேலை என்றால் பிரிக்பீல்ட்ஸில் ஆயிரம் சேலை.

மண்டபப் படியில் கால் வைக்கும்போது ஜனகா மெல்ல, "என்னம்மா செய்ய?" என்றாள்.

"விடு" என்றாள் கனகேஸ்வரி. "இருக்கிறபடி இருக்கட்டும்."

இருக்கிறபடி இருக்கட்டும் என்பதற்கும் எழுந்து நின்று சொல்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது அப்போது அவளுக்கே தெரியாது.

மண்டபம் நிறைந்திருந்தது. இடமில்லாமல் இரண்டு மாமாக்கள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சிவேந்திரன் பின்வரிசையில் இருந்தான். அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டியவன் உடனே வேறெங்கோ பார்த்தான். பிரேமினி ஓரத்தில், படம் ஓட்டுகிற மேசையருகே ஒரு கணினிக்கு முன்னால். தங்கமணியோ முன்வரிசையில், புஷ்பவல்லியின் சேலையை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கமணியின் மகள் வீடு டாமன்சாராவில்.

படம் ஓடியது. மூடி மாறிய குக்கருக்குச் சிரித்தார்கள். மழையில் அட்டை நனைந்தால் அன்றைய உழைப்பு முழுக்கக் கூழாகிவிடும் என்று புஷ்பவல்லி சொன்னபோது அடங்கினார்கள். கோட்டுச்சாமி வந்ததும் மண்டபமே எழுந்து உட்கார்ந்தது. "ஐயோ, நம்ம கந்தையா அண்ணர்" என்று யாரோ கத்த, சிரிப்பு கூரையைத் தூக்கியது.

பிறகு அந்த இடம் வந்தது. திரையில் புஷ்பவல்லி, மரம், மூட்டை, பச்சை சேலை. "கூப்பிட்டேன், அவங்களுக்குக் கேட்டுச்சு, ஆனா திரும்பல" என்று அவள் சொல்ல, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. கனகேஸ்வரி பழக்கதோஷத்தில் அதைப் படித்தாள்.

நான் கூப்பிட்டேன், பாவம், அவருக்குக் கேட்டிருக்காது. அப்படித்தான் எழுதியிருந்தது.

கனகேஸ்வரி இன்னொரு முறை படிப்பதற்குள் வரி போய்விட்டது. கடைசியில் பெயர்கள் வந்தன. ஆங்கில வரிகள்: பிரேமினி சிவேந்திரன்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வரியை எழுத அந்தக் குரலை எத்தனை தடவை கேட்டிருப்பாள். சாட்சி கையிலிருந்தும் ஒரு போன் போட்டதில்லை, ஒரு வார்த்தை சொன்னதில்லை. போதாததற்கு, தமிழ் தெரியாதவர்கள் முன்னாலாவது மாமியாரைக் காப்பாற்றியிருக்கிறாள்.

விளக்குப் போட்டார்கள். கேள்வி உண்டா என்று ஜனகா கேட்டதும் தங்கமணி எழுந்துவிட்டாள். அவளுக்கு ஒலிவாங்கி தேவையில்லை. அவள் குரலுக்கு ஒலி குறைக்கிற கருவிதான் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"அண்ணரைக் கொண்டு போய் மரத்தடியில போட்டது ஆர்? நான் தெரியாமத்தான் கேக்கிறேன். பிரேமினி, உனக்குப் பச்சை நல்லா எடுக்குமே பிள்ளை."

சொந்தபந்தம் அத்தனையும் ஒரே அச்சில் சுழன்று பிரேமினியைப் பார்த்தது. பழைய கதை எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்லி வைத்ததே கனகேஸ்வரிதான். பிரேமினி கணினித் திரையை மூடினாள். தலை நிமிரவில்லை. மறுக்கவும் இல்லை.

கனகேஸ்வரி எழுந்தாள். முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கமணி, இங்க பார். பச்சை சேலை நான்தான்."

மேலே போன மோனோரயில்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு போயிற்று.

"பிரேமினி கண்ணாடி மாத்த எடுத்து வச்சவள். நான் பாக்காமக் கொண்டு போய்ப் போட்டிட்டு, அவளைப் பேசினேன். உங்க எல்லாருக்கும் சொன்னேன். இன்னொண்டு. கேட்டிருக்காது எண்டு எழுதியிருக்கு. அது சரியில்ல. எனக்குக் கேட்டது."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. தங்கமணி உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் வடைக்கும் தேநீருக்கும் கலைந்தபோது, பிரேமினி படிக்கட்டுத் திருப்பத்தில் கம்பிகளைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். கனகேஸ்வரி அவள் முன்னால் போய் நின்றாள்.

"பிள்ளை, நான் பேசின பேச்சு..."

"வேண்டாம் மாமி. அத திருப்பிச் சொல்லாதீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு."

"ஏன் மாத்தி எழுதினாய்?"

பிரேமினி கம்பியைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "முதல் தடவ கேட்டப்ப ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. உடனே உங்களுக்குப் போன் பண்ணணும்னு எடுத்தேன். அப்புறம் அந்த அக்கா சொன்னாங்க இல்ல, தோள் எறக்கமா இருக்கும்னு. காய்கறிப் பை தூக்கித் தூக்கி உங்களுக்கு அப்படி ஆச்சு. சந்தோஷம் போயிருச்சு. ஊர்ல உள்ளவங்களுக்கு வேற எதுக்கு எழுதிக் காட்டணும்னு தோணுச்சு."

இந்த இடத்தில் அழக்கூடாது என்று கனகேஸ்வரி எவ்வளவோ முயன்றாள். "மேல் ரூம் அப்படியே இருக்கு. ஒவ்வொரு கிழமையும் துடைச்சு வைக்கிறேன். நீயும் சிவாவும் வாங்க பிள்ளை. அந்தப் படத்தை நீ போய் எடுத்துக்கொண்டு வரணும். உன் கையால வந்தாத்தான் அது வீட்டுக்கு வந்ததாகும்."

பிரேமினியின் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கண்ணில் கவுண்டர்ப் பார்வை இல்லை. காத்திருந்த ஒன்று, கிடைத்தும் பயனில்லாத நேரத்தில் கிடைத்தவளின் முகம் அது.

"மாமி, இத முன்னாடியே..."

"பிரேமினி தங்கச்சி," என்று கீழ்ப்படியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே புஷ்பவல்லி ஏறி வந்தாள், ஒரு கையில் வடை, மறு கையில் சேலை மடிப்பு. "நாளைக்கு லோரிய காலையில கொண்டாரட்டுமா, மத்தியானமா? கட்டில், அலமாரி, சோபா எல்லாம் ஒரே நடையில ஏத்திரலாம்லா. ஆஸ்திரேலியாவுக்கு ஒண்ணும் கொண்டு போகலைன்னுதானே சொன்னீங்க?"

வடை வாசனை படிக்கட்டு முழுக்க இருந்தது.

"என்ன லோரி?" என்றாள் கனகேஸ்வரி.

தான் கேட்டதில் என்ன தப்பு என்று தெரியாமல் புஷ்பவல்லி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சிவாவுக்குப் பெர்த்ல வேலை கெடச்சிருக்கு மாமி" என்றாள் பிரேமினி. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "வீட்டுச் சாவிய இந்த மாசக் கடைசியில குடுக்கணும். போன மாசமே உங்ககிட்ட சொல்லிட்டதா என்கிட்ட சொன்னாரு. சொல்லலையா?"

கனகேஸ்வரி படிக்கட்டின் மேல் பக்கம் பார்த்தாள். மண்டபக் கதவருகே நின்றிருந்த சிவேந்திரன், கார்ச் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.